பச்சிலையின் முகவரி

பெரிய வாசனைத் திரவியக் கடை ஒன்றில் நூறு புட்டிகளை எடுத்து வரிசையாக அடுக்கினால், அவற்றில் கணிசமானவற்றின் அடியில் ஒரே இலையின் எண்ணெய்தான் கிடக்கும். மேலே எலுமிச்சை மணக்கலாம், நடுவே ரோஜா மணக்கலாம். அவை பறந்தோடிய பிறகும் சட்டைக் காலரில் மறுநாள் வரை ஒட்டிக்கொண்டிருக்கும் மண்வாசம், ஈர மரத்தின் வாசம், பழைய பெட்டியைத் திறந்தது போன்ற அந்த ஆழ்ந்த வாசம், பெரும்பாலும் பச்சௌலியுடையது. பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொன்னாலே தமிழ்க் காதுக்குப் பிடிபட்டுவிடும்: பச்சை, இலை. ஆங்கில அகராதிகளும் இந்தச் சொல்லின் வேரைத் தமிழில்தான் காட்டுகின்றன. வங்காளச் சந்தையில் இதைப் ‘பச்சாபாத்’ என்றார்கள். அங்கே ‘பாத்’ என்றாலும் இலைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலையும் கப்பலேறியது, சொல்லும் கப்பலேறியது. எந்த ஊரில் விளைந்தது, யார் உலர்த்தினார்கள் என்ற விவரம் மட்டும் துறைமுகத்திலேயே தங்கிவிட்டது. இன்றுவரை அது போய்ச் சேரவில்லை. ரோஜாவை ஊர் பெயர் சொல்லி விற்கிறார்கள், மல்லிகையை ஊர் பெயர் சொல்லி விற்கிறார்கள். பச்சௌலி வெறும் பச்சௌலியாகவே விற்கப்படுகிறது. இந்த மணத்துக்கு ஊர் பெயர் வேண்டும் என்று கேட்பதை விவசாயிகள் மீதான இரக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பச்சௌலியின் தரமே ஊரில், களத்தில், அடுப்பில் உருவாவது என்பதால்தான் அதைக் கேட்க வேண்டியிருக்கிறது.

பெயர் தமிழ் என்றதும் பெருமை கொள்ளத் தோன்றும். அந்தப் பெருமையைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். உலகச் சந்தையில் ஓடும் எண்ணெய், போகோஸ்டெமன் காப்ளின் என்ற செடியிலிருந்து வருவது. துளசியும் புதினாவும் சேர்ந்த குடும்பம். தாயகம் தென்கிழக்கு ஆசியா. 1837-ல் பிலிப்பைன்ஸில் இருந்த ஸ்பானியத் துறவி மானுவேல் பிளாங்கோ, அந்நாட்டு மக்கள் வழங்கிய ‘கப்ளின்’ என்ற பெயரையே வைத்து அதைத் தாவர நூலில் பதிவு செய்தார். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயல்பாக வளர்வது அதன் பங்காளி, போகோஸ்டெமன் ஹெய்னியானஸ். நாம் கதிர்ப்பச்சை என்கிறோம், சிங்களத்தில் கொல்லன்கொல. அதற்கும் மணம் உண்டு, ஆனால் வாசனைத் தொழில் தேடும் பச்சௌலால் என்ற பொருள் அதில் குறைவு. ஆக, நம் சொல் போய் அண்டை வீட்டுச் செடியின் மேல் உட்கார்ந்துகொண்டது. உண்மையான பச்சௌலியை இந்தியாவில் பயிரிட்டுப் பார்க்கும் முயற்சியை டாடா ஆயில் மில்ஸ் 1940-களில் தொடங்கியது. இத்தனை ஆண்டுகள் கழிந்தும், ஊதுபத்திக்கும் அத்தருக்கும் சோப்புக்கும் நமக்குத் தேவையான எண்ணெயில் பெரும்பகுதி வெளியிலிருந்துதான் வருகிறது.

ஐரோப்பா இந்த மணத்தை முதலில் அறிந்தது புட்டியில் அல்ல, சால்வையில். இந்தியாவிலிருந்து போன காஷ்மீர்ச் சால்வைகளை அந்துப்பூச்சி அரிக்காமல் இருக்க, மடிப்புகளுக்கிடையே உலர்ந்த பச்சௌலி இலைகளை வைத்து அனுப்பினார்கள். மாதக்கணக்கான கடல் பயணத்தில் மணம் கம்பளி இழைக்குள் இறங்கிவிடும். அந்தச் சால்வைகள் யானை விலை விற்ற காலம். பாரிஸிலும் லண்டனிலும் வாங்குகிறவர்கள் நெசவைப் பார்ப்பதற்கு முன் முகர்ந்து பார்த்தார்கள். அந்த மணம் இருந்தால் அசல் இந்தியச் சரக்கு. பிரெஞ்சு நெசவாளர்கள் பூவேலைப்பாட்டை அப்படியே பிரதி எடுத்தும் சால்வை விலைபோகவில்லை, மணம் இல்லாததால். கடைசியில் இரகசியத்தைக் கண்டுபிடித்து, இலையையே இறக்குமதி செய்து, உள்ளூர்ச் சால்வைக்கு மணமேற்றி இந்தியச் சால்வையாக விற்றார்கள். செப்டிமஸ் பீஸ் என்ற லண்டன் வாசனைத் திரவிய வணிகர் 1850-களில் எழுதிய தொழில் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். இந்தக் கதையை வாசனை உலகத்தில் சுவையான துணுக்காகத்தான் சொல்கிறார்கள். அதற்கும் மேலான ஒன்று இதில் இருக்கிறது. முதலில் இந்த மணம் ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பதற்குச் சாட்சியாக இருந்தது. அதே மணத்தைக் கொண்டு, எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கவும் முடியும் என்று வியாபாரம் கற்றுக்கொண்டது. பச்சௌலியின் பிற்கால வரலாறு முழுவதும் இந்த இரண்டாவது பாடத்தின் வழியிலேயே போயிருக்கிறது. செடிக்கு முறையான தாவரவியல் அடையாளம் தரும் முயற்சிகூட பிரான்ஸின் ஆர்லியன் நகரத்தில், 1840-களில், ஒரு பிரெஞ்சுத் தாவரவியலாளர் கையால் நடந்தது. அவர் வைத்த பெயர் போகோஸ்டெமன் பச்சௌலி. எட்டாண்டுக்கு முன் பிளாங்கோ பதிந்த பெயர்தான் பின்னால் நிலைத்தது.

செடியைப் பார்க்கலாம். இடுப்பளவு உயரம், மெல்லிய ரோமம் படர்ந்த அகன்ற இலை, ஓரமெல்லாம் பல் பல்லாக. பறித்த கையோடு கசக்கினால் பச்சை வாசம்தான் முன்னே வரும். சென்டில் நாம் அறிந்த பச்சௌலி அதில் மங்கலாகவே தெரியும். காரணம் இலையின் அமைப்பு. துளசியில் எண்ணெய் மேற்பரப்பு ரோமங்களில் இருக்கிறது, விரல் பட்டாலே மணக்கிறது. பச்சௌலி மேலேயும் வைத்திருக்கிறது, இலைச் சதையின் உள்ளேயும் சுரப்பிகளில் பூட்டி வைத்திருக்கிறது. உள்ளே இருப்பது வெளியே வர வேண்டுமானால் இலை வாட வேண்டும், சுவர்கள் தளர வேண்டும். அதனால்தான் அறுத்த தழையைச் சில நாள் உலர்த்துகிறார்கள். வெயிலில் ஒரேயடியாகக் காயவிட்டால் எண்ணெய் ஆவியாகிப் போகும். குவித்து மூடிவிட்டால் பூஞ்சை பிடித்து எண்ணெயில் மக்கிய வாடை ஏறும். இரண்டுக்கும் நடுவே, நிழலில் பரப்பி, புரட்டிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எப்போது போதும் என்பதை இலையைத் தொட்டும் முகர்ந்தும்தான் சொல்ல முடியும். பச்சிலை என்று பெயர் வைத்திருக்கிறோம். பச்சை போன பிறகுதான் அது பச்சௌலியாகிறது.

பிறகு வாலை. சுமத்ராவின் குன்றுகளில் வாலை என்பது பெரும்பாலும் பழைய டிரம்கள், அடியில் விறகடுப்பு, பக்கத்தில் குழாயைக் குளிர்விக்கும் தண்ணீர்த் தொட்டி. நீராவி இலைக்குள் புகுந்து எண்ணெயைத் தூக்கிக்கொண்டு வரும். குளிர்ந்ததும் தண்ணீர் கீழே நிற்கும், எண்ணெய் மேலே மிதக்கும். 100 கிலோ உலர்ந்த இலைக்கு 2 அல்லது 3 கிலோ எண்ணெய் கிடைத்தால் நல்ல வாலை. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, என் வாதத்துக்கு இதுவே நெஞ்சு. எண்ணெயின் இலேசான பகுதிகள் முதலில் வந்துவிடும். மணத்தின் முதுகெலும்பான பச்சௌலால் கனமானது, கொதிநிலை அதிகம், அது பிந்தித்தான் வரும். ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம், சில இடங்களில் அதற்கும் மேல் அடுப்பு எரிய வேண்டும். விறகை மிச்சப்படுத்த இரண்டு மணி நேரம் முன்னதாக அணைத்தால், அளவில் பெரிய குறை தெரியாது. மிக நல்ல பகுதி இலையிலேயே நின்றுபோயிருக்கும். வாலை இரும்பாக இருந்தால் இரும்பு எண்ணெயில் கலந்து கருஞ்சிவப்பாக்கும்; துருப்பிடிக்காத எஃகில் வடித்தால் தேன்போன்ற வெளிர் மஞ்சள். அதே செடி, அதே மழை, இரண்டு வாலை: இரண்டு வேறு மணம். வடித்த பிறகும் வேலை முடியவில்லை. பெரும்பாலான வாசனை எண்ணெய்கள் நாள்பட்டால் கெடும். பச்சௌலி பழகப் பழக முனை மழுங்கி, இனிப்பேறி, வட்டமாகும். இப்படிப் பிறக்கும் ஒரு பொருளை உப்பைப் போல, எங்கிருந்து வந்தாலும் ஒன்றுதான் என்று சந்தை நடத்துவது பொருளையே புரிந்துகொள்ளாததுதான்.

பச்சௌலி என்றாலே மலிவான, கனத்த, தலைவலி தரும் வாசம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. 1960-களில் மேலைநாட்டு ஹிப்பி இளைஞர்கள் சுத்த எண்ணெயையே உடம்பில் பூசிக்கொண்டு திரிந்ததிலிருந்து அந்த அவப்பெயர் ஒட்டிக்கொண்டது. அவசரமாக உலர்த்தி, பாதியில் அணைத்து, இரும்பில் கறுத்த எண்ணெயை முகர்ந்தவர்கள் அப்படிச் சொல்வதில் வியப்பில்லை. அது மோசமான வடிப்பின் வாசம். வாசனைக் கலைஞர்களின் தீர்ப்பு வேறு. 1917-ல் பிரான்ஸுவா கொத்தி ‘ஷீப்ர’ என்ற திரவியத்தைச் செய்தபோது பெர்கமோட், லாப்டனம், ஓக் மரப் பாசி ஆகியவற்றோடு பச்சௌலியையும் சேர்த்தார். அந்தச் சேர்க்கை ஒரு தனிக் குடும்பமாகவே வளர்ந்து நூறாண்டைத் தாண்டிவிட்டது. 1992-ல் வந்த ‘ஏஞ்சல்’ திரவியத்தில் பஞ்சு மிட்டாய் வாசம் தரும் எத்தில் மால்ட்டாலையும் பெருமளவு பச்சௌலியையும் எதிரெதிரே நிறுத்தினார்கள். இனிப்புத் திகட்டாமல் இழுத்துப் பிடிக்க அந்த மண்வாசம்தான் கடிவாளம். அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று எல்லா விமான நிலையக் கடைகளிலும் நிற்கின்றன. ஓக் பாசியில் ஒவ்வாமை தரும் அட்ரானால் போன்ற பொருள்களை ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் கொண்டுவந்த விதியால் தடை செய்தது. பாசியை அளந்து அளந்து குறைக்க வேண்டியிருந்த அந்த ஆண்டுகளில் விட்ட இடத்தை நிரப்ப வந்ததும் பச்சௌலிதான். இதுபோல் வேலை செய்யும் இன்னொரு இலை வாசனைக் கலைஞரின் மேசையில் இல்லை.

இந்த எண்ணெய் எங்கிருந்து வருகிறது? உலக உற்பத்தியின் மிகப் பெரும்பங்கு இந்தோனேசியா. அங்கே செடியின் பெயர் ‘நிலாம்’. நெடுங்காலம் சுமத்ராவின் வடமுனையான அச்சேதான் தலைமை. பிறகு ஜாவாவுக்கும், கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சுலாவெசிக்கும் பயிர் நகர்ந்தது. ஏன் நகர்ந்துகொண்டே இருக்கிறது என்பதைப் பார்த்தாலே, முகவரி இல்லாத சரக்கின் விலை யார் தலையில் விடிகிறது என்று புரியும். பச்சௌலி மண்ணின் சத்தை வேகமாக உறிஞ்சும் பயிர். நட்ட ஐந்தாறு மாதத்தில் முதல் வெட்டு, பிறகு மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் தழை முழுவதும் நிலத்தை விட்டு வெளியேறுகிறது. எரு திரும்பி வராவிட்டால் சில ஆண்டுகளில் நிலம் ஓய்ந்துவிடும். விதையில் அல்ல, தண்டுத் துண்டில் வளர்ப்பதால் தாய்ச்செடியின் நோயும் சேர்ந்தே நடப்படுகிறது: பாக்டீரியா வாடல், வேர் நூற்புழு, வைரஸ். விலை கிடைக்கும் என்ற உறுதி இருந்தால் விவசாயி எருவுக்கும் நல்ல நாற்றுக்கும் செலவு செய்வார். 1998-ல் இந்தோனேசிய நாணயம் சரிந்தபோது, டாலரில் விற்கும் இந்த எண்ணெயின் உள்நாட்டு விலை தாறுமாறாக ஏறியது. எல்லோரும் நட்டார்கள். அறுவடை ஒரே சமயத்தில் வந்து குவிந்ததும் விலை விழுந்தது. இந்த ஏற்ற இறக்கம் அதற்கு முன்னும் உண்டு, பின்னும் உண்டு. இலையைப் பயிரிட்டவர், காய்ச்சியவர், ஊரில் வாங்கிச் சேர்க்கும் தரகர், நகரத்து ஏற்றுமதியாளர், ஐரோப்பியக் கொள்முதல் நிறுவனம், வாசனைக் கூடம் என்று கைமாறும் சங்கிலியில், ஒவ்வொரு படியிலும் எண்ணெய் மற்ற ஊர் எண்ணெயோடு ஒரே பீப்பாயில் ஊற்றப்படுகிறது. பொறுமையாக எட்டு மணி நேரம் எரித்தவருக்கும் நான்கு மணி நேரத்தில் அணைத்தவருக்கும் ஏறக்குறைய ஒரே விலை. அப்படியிருக்க எட்டு மணி நேரம் எரிப்பது யார்? சிலர் குர்ஜுன் பிசின் எண்ணெயைக் கலந்து அளவைக் கூட்டுகிறார்கள் என்றால், நேர்மைக்குத் தனி விலை வைக்காத சந்தையும் அதில் பாதிக் கூட்டாளி.

இதற்கு மறுப்புகள் உண்டு. முதலாவது, வேதியியல் இவ்வளவு வளர்ந்த பின் இலை எதற்கு, மண்ணையும் காட்டையும் ஏன் வருத்த வேண்டும் என்பது. மதிக்க வேண்டிய கேள்வி. பிர்மெனிக் நிறுவனம் 2014-ல் ‘கிளியர்வுட்’ என்ற பொருளைக் கொண்டுவந்தது. கரும்புச் சர்க்கரையை மரபணு மாற்றிய ஈஸ்ட் நொதிக்க வைத்துப் பச்சௌலியின் சாயலுள்ள கலவையைத் தருகிறது. மழை பொய்த்தாலும் விலை ஏறினாலும் அது மாறாது. மண்வாசத்தைக் குறைத்து மரவாசத்தைத் துலக்கும் அந்தப் பொருளுக்கு வாசனைக் கலையில் நியாயமான இடம் உண்டு. ஆனால் அது பச்சௌலி அல்ல. எண்ணெயில் பச்சௌலால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மிச்சம் டஜன் கணக்கான பொருள்கள். அவற்றில் நார்பச்சௌலினால் போன்றவை ஒரு சதவீதத்தை எட்டாத அளவிலேயே இருந்தும் மணத்தின் முகத்தையே தீர்மானிக்கின்றன. இந்த இலை வேதியியலாளர்களை முன்பே ஒருமுறை தடுமாற வைத்திருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜார்ஜ் பூஹி பச்சௌலாலின் அமைப்பைக் கணித்து, அதை ஆய்வகத்தில் கட்டியும் காட்டினார். கட்டியது இயற்கைப் பொருளோடு அச்சாக ஒத்துப்போனது. அன்றைய வேதியியலில் அதைவிடப் பெரிய நிரூபணம் கிடையாது என்றே கருதினார்கள். சூரிச்சில் 1963-ல் எக்ஸ்-கதிர் வைத்துப் பார்த்தபோது வரைந்த அமைப்பே தவறு என்று தெரிந்தது. மூலக்கூற்றை உடைத்தபோது அதன் கார்பன் சட்டகம் ஒரு வழியில் புரண்டிருக்கிறது, திரும்பக் கட்டியபோது அதே வழியில் மறுபடி புரண்டு சரியாகிவிட்டிருக்கிறது. செய்த பொருள் சரி, வரைந்த படம் தவறு. ஒரே மூலக்கூறே இத்தனை விளையாட்டுக் காட்டும்போது, அதைச் சுற்றி உலர்த்தலும் நெருப்பும் காலமும் சேர்த்த மொத்தக் கூட்டத்தையும் ஆலைத் தொட்டியில் கிடைத்ததாகச் சொல்வது மிகை. கரும்புக்கும் நிலமும் தண்ணீரும் வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. செடி பிலிப்பைன்ஸ் பக்கத்தது, பெயர் தமிழ், பயிர் தீவுக்குத் தீவு நகர்வது; இதற்கு எந்த ஊரை முகவரியாகச் சொல்வது, அச்சேவுக்கு மட்டும் என்ன உரிமை என்று கேட்கலாம். முகவரி என்பது பிறந்த இடமாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி. அது நமக்கு அறிமுகமாகி ஐந்து நூற்றாண்டுதான் ஆகிறது. ஆனாலும் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது யாரும் அது மெக்சிகோவினுடையது என்று வழக்குத் தொடுக்கவில்லை. வறண்ட நிலத்தில், வானம் பார்த்த பூமியில், தலைமுறைகளாக விதை தேர்ந்து அந்தக் குண்டு மிளகாயை உருவாக்கியவர்களின் உழைப்புக்கே அந்தக் குறியீடு. பச்சௌலிக்கும் அதே நியாயம். இந்தோனேசியாவில் தேர்ந்தெடுத்து வெளியிட்ட பச்சௌலி ரகங்களின் பெயர்களே தபக் துவான், லோக்சுமாவே, சிடிகாலாங் என்று ஊர் பெயர்களாக இருக்கின்றன. நாற்றுக்கு ஊர் பெயர் இருக்கிறது. அதே நாற்றின் எண்ணெய் பாரிஸ் புட்டிக்குள் போகும்போது அந்தப் பெயர் உதிர்ந்துவிடுகிறது. ரோஜாவையும் மல்லிகையையும் வாசனை நிறுவனங்கள் எப்படி நடத்துகின்றன என்று பாருங்கள். ஷனேல் 1987 முதல் பிரான்ஸின் கிராஸ் அருகே ஒரு விவசாயக் குடும்பத்தோடு நீண்ட கால ஒப்பந்தம் வைத்து, அந்த வயலை விளம்பரத்திலும் காட்டுகிறது. கிராஸ் வட்டாரத்தின் வாசனைத் தொழில் திறனை யுனெஸ்கோ 2018-ல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பூவைப் பறிப்பதும் திறன் என்றால், இலையை நான்கு நாள் புரட்டி உலர்த்துவதும் நள்ளிரவு வரை அடுப்பைப் பார்த்துக்கொள்வதும் திறன் இல்லையா? ஐரோப்பாவில் செய்தால் மரபு, சுமத்ராவில் செய்தால் கச்சாப் பொருள் என்ற கணக்கை ஏற்றுக்கொள்ள முடியாது.

குறியீடு வாங்கிச் சுவரில் மாட்டினால் விவசாயி கையில் காசு வந்துவிடுமா என்பது மூன்றாவது கேள்வி. வராது. இதில் மறுப்பவர்கள் பக்கமே உண்மை இருக்கிறது. மதுரை மல்லிக்கு 2013-ல் குறியீடு வந்தது. முகூர்த்த நாளில் ஏறி மறுநாள் இறங்கும் பூ விலை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ‘நிலாம் அச்சே’யும் இந்தோனேசியாவில் புவிசார் குறியீடு பெற்றதுதான், அதனால் மட்டும் தரகர் சங்கிலி அறுந்துவிடவில்லை. குறியீட்டோடு அளவுகோலும் சேர்ந்தால்தான் பலன். பச்சௌலிக்கு அளவுகோல் தயாராகவே இருக்கிறது: வாயு நிறப்பிரிகைக் கருவியில் ஒரு துளி போட்டால் பச்சௌலால் எத்தனை சதவீதம், குர்ஜுன் கலந்திருக்கிறதா என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். வாங்குகிற பெருநிறுவனங்களிடம் அந்தக் கருவி எப்போதும் இருந்தது. விற்கிறவரிடம் இல்லை. அதனால் தரத்தைப் பற்றிய அறிவு முழுவதும் ஒரு பக்கமே குவிந்து, விலையும் அந்தப் பக்கமே முடிவாகியது. பண்டா அச்சேயில் ஷியா குவாலா பல்கலைக்கழகம் வாசனை எண்ணெய்களுக்கென்றே ஆய்வு மையம் அமைத்து நிலாம் எண்ணெயைச் சோதிப்பதும், சுத்திகரிப்பதும், உள்ளூரிலேயே திரவியங்கள் செய்வதுமாக இறங்கியிருப்பது அதனால்தான் முக்கியம். காய்ச்சியவர் கையிலேயே சோதனைச் சீட்டு இருந்தால் தரகர் சொல்வதே விலை என்பது மாறும். சோதனை, ஊர் பெயர், எஃகு வாலைக்குக் கடன் ஆகிய மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும் இடத்தில்தான் அடுப்பை எட்டு மணி நேரம் எரிப்பது இலாபமாகும்.

வாங்குகிறவர்கள் செய்யக்கூடியதும் இருக்கிறது, அதைச் செய்ய அவர்களுக்குச் செலவு மிகக் குறைவு. ஒரு புட்டியில் இருக்கும் பச்சௌலி எண்ணெயின் விலை, அந்தப் புட்டியின் கண்ணாடிக்கும் அட்டைப் பெட்டிக்கும் விளம்பரத்துக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் துளி. அச்சே ஜயாவா, காயோ லூஸா, சுலாவெசியா என்று மாவட்டத்தின் பெயரும், வடித்த ஆண்டும், பச்சௌலால் அளவும் என மூன்று விவரங்களை அட்டையின் பின்பக்கம் அச்சிட ஒரு வரி போதும். காப்பித் தூள் பொட்டலங்களில் தோட்டத்தின் பெயரும் உயரமும் வறுத்த தேதியும் அச்சாகி எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. குடிப்பவர்கள் அதைப் படித்துத்தான் வாங்குகிறார்கள். ஆண்டுக்கு ஆண்டு சுவை மாறுவதைக் குறை என்று அங்கே யாரும் சொல்வதில்லை. நம் ஊதுபத்தித் தொழிலும் இதில் விலகி நிற்க முடியாது. கட்டு கட்டாகப் பச்சௌலிப் பத்தி விற்கும் நிறுவனங்கள் அட்டையில் செடியின் படத்தைப் போடுகின்றன. உள்ளே இருப்பது இலையின் எண்ணெயா, ஆலையில் செய்த நறுமணமா, இலையென்றால் எந்த நாட்டு இலை என்று எழுதத் தொடங்கலாம். கதிர்ப்பச்சை மணக்கிற மாலையையும், பச்சௌலி மணக்கிற பத்தியையும் ஒரே சாமி படத்துக்கு முன்னால் வைக்கிறவர்கள் நாம். இரண்டும் வேறு வேறு இலை என்பதையாவது அந்த அட்டை சொல்ல வேண்டும்.